94 டிகிரியில் கொதித்த நீர்: தேயிலைத் தோட்டத்திலிருந்து நகர வகுப்பறைக்கு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கும் பொறுப்பு பட்டதாரி ஆசிரியர் என்னும் பதவியில் இருப்போருக்கு உரியது. ஏதேனும் ஓர் அறிவியல் பாடத்தில் இளநிலைப் பட்டமும், கல்வியியலில் பி.எட். பட்டமும் பெற்று, தகுதித் தேர்விலும் அதற்குப் பின் போட்டித் தேர்விலும் தேறி வருகிற இவர்கள், இயற்பியல் படித்தவராயினும் இதயத்தின் நான்கு அறைகளையும், விலங்கியல் படித்தவராயினும் மின்சுற்றையும் விளக்கியாக வேண்டும். இத்தகைய ஆசிரியர் எந்த ஊரில் வளர்ந்தார், அவ்வூரின் காற்றும் நீரும் தொழிலும் அவருக்கு எவற்றைக் கற்றுத் தந்தன என்னும் கேள்விக்குப் பணிப்பதிவேட்டில் இடமில்லை. வரலாறும் இலக்கியமும் கற்பிப்போரிடம் இக்கேள்வியைக் கேட்பது பொருந்தும் என்று கருதுவோர்கூட, அறிவியல் எங்கும் ஒன்றே என்னும் எண்ணத்தால், அறிவியல் ஆசிரியரின் ஊரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அறிவியலின் விதிகள் எங்கும் ஒன்றுதான். ஆனால் அவ்விதிகள் கண்ணுக்குப் புலப்படும் விதம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. குன்னூருக்கு அருகில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் பிறந்து, கோயம்புத்தூரின் அரசுப் பள்ளி ஒன்றுக்கு அறிவியல் ஆசிரியையாக வந்து சேர்ந்த பெண் ஒருவரின் நினைவுகள் இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ள உதவுகின்றன.

நீலகிரி பரப்பில் சிறிய மாவட்டம். எனினும் நவீன அறிவியலின் சுவடுகள் இம்மலையில் அடர்ந்து கிடக்கின்றன. 1848இல் தொடங்கப்பட்ட உதகை தாவரவியல் பூங்காவும், அப்பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் 1860களில் வளர்த்தெடுத்த சின்கோனா தோட்டங்களும் தாவரவியலின் பக்கம் நிற்கின்றன. மலேரியாவுக்கு மருந்தான குயினைன், சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. 1907இல் குன்னூரில் அமைந்த பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரித்தது. அந்நிறுவனத்தில் ராபர்ட் மக்கரிசன் 1918 அளவில் தொடங்கிய பெரிபெரி நோய் பற்றிய ஆய்வு, ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று அறியப்படுகிறது. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, உதகையில் ஒளிப்படச் சுருள் தயாரித்துப் பின்னாளில் மூடப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், முத்தொரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான கூறு ஒன்று உண்டு: சுற்றுச்சுவரும், காவலர் நிற்கும் வாயிலும். அருவங்காட்டுத் தொழிற்சாலையின் சங்கொலி கேட்டு நேரம் அறிந்த தோட்டக் குழந்தைகளுக்கு, அச்சுவருக்கு உள்ளே நடப்பது வேதியியல் என்று எவரும் சொன்னதில்லை.

அக்குழந்தைகள் யார் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து, அந்நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமை இழந்த இந்திய வம்சாவளித் தமிழரைப் பங்கிட்டுக்கொள்ள, 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று; எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இவ்வாறு தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு பெற்று வந்தவர்களை அரசு ஆவணங்கள் தாயகம் திரும்பியோர் என்று குறிக்கின்றன. அவர்களில் பலர் அதுவரை இந்தியாவைக் கண்டதேயில்லை என்பதை ஆவணங்கள் பொருட்படுத்தவில்லை. அவர்களுக்கு வேலை தருவதற்காக வனத்துறை 1968 முதல் நீலகிரிச் சரிவுகளில் வளர்த்த தேயிலையே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், சுருக்கமாக டான்டீ, என்னும் அரசு நிறுவனமாயிற்று.

ஆசிரியையின் தந்தை சிறுவனாக அக்கப்பலில் வந்தவர். தாய் தோட்டத்தில் இலை பறிப்பவர். குடும்பம் வாழ்ந்தது லயன் வீட்டில்; ஒரே கூரையின்கீழ் வரிசையாகச் சுவர் பகிர்ந்து நிற்கும் ஒற்றை அறை, சமையலறை கொண்ட தொழிலாளர் குடியிருப்பை அப்படித்தான் அழைக்கின்றனர். இவ்வீடு வேலையோடு கட்டுண்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். டான்டீ தன் தோட்டங்களில் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பித் தரும் முடிவு 2022இல் வெளியானபோது, ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் எங்கே போவது என்னும் கேள்வி மாவட்டம் முழுவதும் எழுந்தது. இக்கேள்வி லயன் வீடுகளுக்குப் புதியதன்று. பிள்ளைகளில் ஒருவரேனும் அரசு வேலைக்குப் போனால்தான் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு வாசற்படி கிடைக்கும் என்பது அங்கே பெரியவர்களின் பேச்சில் அன்றாடம் அடிபட்ட கணக்கு. ஆசிரியப் பணியை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று எழுதுவது பாதி உண்மையே ஆகும். அவ்விருப்பத்துக்கு முன்பே இந்தக் கணக்கு இருந்தது.

தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருக்கும் தோட்டங்களில் கல்வி வசதி செய்து தரும் பொறுப்பை நிர்வாகத்தின்மீது சுமத்தியது. இத்தகைய சிறு பள்ளி ஒன்றில், ஐந்து வகுப்புகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க, அவர் எழுதப் படிக்கக் கற்றார். அங்கே அறிவியல் என்று தனியாக எதுவும் இருந்ததாக அவருக்கு நினைவில்லை. ஆனால் பள்ளிக்கு வெளியே இருந்தது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமற்ற, காற்று அசையாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசி இழந்துவிட, நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, அடர்த்தி கூடி, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது; அதனால் மேட்டில் நிற்கும் தேயிலை தப்பிக்க, பள்ளத்துத் தேயிலை உறைபனியில் கருகுகிறது. எழுத்தறியாத அவருடைய அப்பாயிக்கு இது தெரியும். இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் கற்ற பாடத்தைக் கொண்டு, "பள்ளத்துச் செடிதான் மொதல்ல கருகும், மேட்டுல நட்டது பொழச்சுக்கும்" என்று சொல்லி, வீட்டின் பின்புறம் போட்ட கீரைப் பாத்தியைக் கூட மேட்டிலேயே போட்டார். பனி இறங்கும் மாதங்களில் மாலையானால் பாத்தியின்மேல் பெரணித் தழையைப் பரப்பினார். தழை, வெப்பம் வானுக்குத் தப்பிப் போவதைத் தடுக்கிறது. கதிர்வீச்சு, வெப்பச்சலனம் ஆகிய சொற்களைப் பல ஆண்டுகள் கழித்துப் பாடநூலில் கண்டபோது, அப்பாயியின் கீரைப் பாத்தி அவர் நினைவுக்கு வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று எண்ணுவதற்கு அவருக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

தேயிலைத் தொழிற்சாலையும் அப்படித்தான். பறித்த இலையை வாட்டும் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி ஈரத்தைக் குறைக்கிறார்கள். பின் உருட்டியோ நசுக்கியோ அதன் செல்களை உடைக்கிறார்கள். உடைந்த செல்லிலுள்ள நொதி, இலையின் பாலிபீனால்களைக் காற்றின் ஆக்சிஜனுடன் வினைபுரியச் செய்ய, பச்சை நிறம் செம்பழுப்பாக மாறி, மணமும் பிறக்கிறது. தொழிற்சாலையில் இதை நொதித்தல் என்கிறார்கள். நுண்ணுயிர்கள் இதில் முக்கியப் பங்கு வகிப்பதில்லை என்பதால், நடப்பது உண்மையில் ஆக்சிஜனேற்றமே. தேவையான நிறம் வந்தவுடன் உலர்த்தியின் வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்து வினையை நிறுத்துகிறது. எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்பதை மணத்தைக் கொண்டே முடிவு செய்த முதிய தொழிலாளர்கள் அக்காலத்தில் இருந்தனர். இத்தனையும் லயன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிகழ்ந்துகொண்டிருக்க, பள்ளியில் நொதி என்றால் உமிழ்நீரிலுள்ள அமைலேஸ், ஆக்சிஜனேற்றம் என்றால் இரும்பு துருப்பிடித்தல், அவ்வளவே.

அவருடைய கல்வியின் திருப்பம் என்று சொல்லத்தக்க நிகழ்ச்சி ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆய்வக மேசையில் நிகழ்ந்தது. நீரின் கொதிநிலையைக் காணும் சோதனையில், முகவையில் நீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க, வெப்பமானியின் பாதரசம் 94ஐ ஒட்டி நின்று, அதற்குமேல் நகரவில்லை. நீரின் கொதிநிலை என்பது, அதன் ஆவியழுத்தம் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும் வெப்பநிலை. உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஒரு டிகிரி செல்சியஸ் இறங்குகிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் 94 டிகிரியிலும், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 93க்குச் சற்றுக் கீழேயும் கொதிக்க வேண்டும். மாணவர்கள் கண்டது மிகச் சரியான அளவீடு. ஆயினும் வெப்பமானி பழுது என்று சொல்லப்பட்டது. பதிவேட்டில் அனைவரும் 100 என்று எழுதிக் கையெழுத்துப் பெற்றனர். அளந்தது ஒன்று, எழுதியது வேறொன்று என்னும் உறுத்தல் அவருக்கு அன்றே இருந்தது. ஆனால் எழுதியதற்குத்தான் மதிப்பெண் கிடைத்தது. மலையில் பருப்பு வேகத் தாமதமாகும், குக்கர் இல்லாமல் கொண்டைக்கடலை வேகவே வேகாது என்று ஒவ்வொரு வீட்டிலும் பேசப்பட்ட உண்மையை, அதே வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் நிறைந்த வகுப்பறை பொய்யாக்கியது. சோதனையின் நோக்கமே அழிந்துபோன இந்நிகழ்ச்சியில் எந்தத் தனிமனிதரையும் குறை கூறுவதில் பயனில்லை; பாடநூல் சமவெளியில் எழுதப்படுகிறது, மதிப்பெண்ணும் அங்கிருந்தே வருகிறது.

வேறொரு விதமான அறிவியல் உண்டென்று அவருக்குக் காட்டியது பள்ளியன்று. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் துளிர் என்னும் சிறுவர் இதழ் நூலகத்தில் கிடைத்தது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து தம் ஊரின் சிக்கல் ஒன்றை ஆய்ந்து கட்டுரை அளிப்பது வழக்கம். அவர் இடம்பெற்ற குழு, லயன் வீடுகளுக்கு வரும் ஊற்று நீர் எந்தெந்த மாதங்களில் வற்றுகிறது என்று பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்தது. மாவட்ட அளவைத் தாண்டாத ஆய்வுதான். எனினும், அப்பாயியின் சொல் ஒரு நோட்டில் தரவாக எழுதப்பட்டது அதுவே முதல்முறை.

2010இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, உதகை அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தார். 1955இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரியின் வளாகத்தில்தான், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் கட்டிய, உதகையின் முதல் ஐரோப்பியக் கட்டடமான கல் பங்களா நிற்கிறது. மலையை வெள்ளையருக்குத் திறந்த வீட்டின் நிழலில், அம்மலையின் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் பட்டப்படிப்புப் படிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று கருதுவது மிகையாகாது. கல்லூரியிலிருந்து மாணவர்களை முத்தொரை ரேடியோ தொலைநோக்கியைக் காண அழைத்துச் சென்ற நாள் அவர் நினைவில் அழியாமல் நிற்கிறது. கோவிந்த் சுவரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் வடிவமைத்துக் கட்டிய இக்கருவி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட, நீளவாக்கில் பிளந்த குழாயின் பாதியைப் போன்ற பரவளைய உருளை. இதை இம்மலையில் நிறுவியதற்குக் காரணம் குளிரோ அழகோ அன்று. உதகை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் உள்ளது. வடக்குத் தெற்காக அதே 11 டிகிரி சாய்வுள்ள இயற்கைச் சரிவு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் கருவியைக் கிடத்தினால், அதன் நீளச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அந்த ஒற்றை அச்சைப் பற்றிக் கருவியைத் திருப்பினாலே போதும், வானில் நகரும் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பின்பற்றலாம். சரிவு என்றால் இலைமூட்டையுடன் ஏறும் முதுகுவலி என்று மட்டும் அறிந்திருந்த குடும்பத்துப் பெண்ணுக்கு, சரிவே கருவியின் உறுப்பாக முடியும் என்னும் விளக்கம் பேருவகை தந்தது. தாம் பிறந்த நிலத்தின் சாய்வு ஒரு பாடத்தின் விடையாக அமைந்ததை அவர் அங்கேதான் முதலில் கண்டார்.

பி.எட். படிப்பு, அது இன்னும் ஓராண்டுப் படிப்பாக இருந்த காலத்தில், சமவெளியில் உள்ள ஒரு கல்லூரியில் முடிந்தது. 2015 முதல் அது இரண்டாண்டாயிற்று. குழந்தை தான் முன்பே அறிந்தவற்றின்மீதுதான் புதிய அறிவைக் கட்டுகிறது என்ற, உளவியலாளர்களான பியாஜே, வைகாட்ஸ்கி ஆகியோரின் கருத்துகள் அங்கே விரிவாகக் கற்பிக்கப்பட்டன. தேர்விலோ அக்கருத்துகளை அவர்களின் பெயரோடு பொருத்தக் கேட்டார்கள். இந்த முரணை அன்று யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அதற்குப் பின் வந்தது நெடுங்காத்திருப்பு. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2010இல் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத, 2,448 பேரே தேறினர். தேர்வின் கடுமையோடு நேரம் போதாமையும் பேசப்பட்டு, மறுதேர்வு நடந்தது. 150 மதிப்பெண்ணுக்கு 90 என்றிருந்த தேர்ச்சி வரம்பு, 2014இல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 ஆகத் தளர்த்தப்பட்டது. அவ்வாண்டிலேயே பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு வெயிட்டேஜ் என்னும் முறை திருத்தப்பட்டு, தகுதித் தேர்வுக்கு 60, பன்னிரண்டாம் வகுப்புக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15 எனப் பங்கு வகுக்கப்பட்டது. பதினேழு வயதில், ஆசிரியர் பற்றாக்குறை உள்ள மலைப் பள்ளியில் எடுத்த மதிப்பெண், முப்பது வயதிலும் ஒருவரைப் பின்தொடர்ந்து வரும் என்பதே இம்முறையின் பொருள். 2013க்குப் பிறகு 2017 வரை பொதுத் தகுதித் தேர்வு நடக்கவேயில்லை. 2017இல் அவர் தேறினார். 2018இல் அரசு வெயிட்டேஜ் முறையைக் கைவிட்டு, தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கும் தனியே ஒரு போட்டித் தேர்வு என்று அறிவித்தது. அத்தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். ஏழாண்டுகளே செல்லுபடியாகும் என்றிருந்த தகுதிச் சான்று, 2021இல் வாழ்நாள் முழுமைக்கும் நீட்டிக்கப்படாமல் இருந்திருந்தால், அவருடைய சான்று போட்டித் தேர்வு நடந்த 2024ஆம் ஆண்டிலேயே காலாவதியாகியிருக்கும்.

இடைப்பட்ட பத்தாண்டும் தனியார் பள்ளிகளில் கழிந்தது. அரசு வேலைக்குக் காத்திருப்போர் நிறைந்த ஊரில் தனியார் பள்ளி ஆசிரியையின் சம்பளம் எவ்வளவாக இருக்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை; சில மாதங்களில் அது தாயின் இலைக்கூலிக்கும் கீழே இருந்தது. இக்காலத்தில் அவரை ஆசிரியையாக்கியது பணியிடத்தைவிடப் பணியிடத்துக்கு வெளியே நிகழ்ந்தவை. 2019 டிசம்பர் 26 அன்று கங்கணச் சூரிய கிரகணம் நீலகிரி வழியே சென்றது. சந்திரன் பூமியிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும்போது சூரியனை முழுதும் மறைக்க இயலாமல், சுற்றிலும் ஒளிவளையம் எஞ்சி நிற்பதே கங்கண கிரகணம். அரையாண்டு விடுமுறையாதலால் லயன் குழந்தைகள் அனைவரும் வீட்டில் இருந்தனர். பெரியவர்களோ கிரகணம் முடியும்வரை யாரும் வெளியே வரக் கூடாது என்று கதவைச் சாத்தினர். சூரியனை நேரே பார்க்க வேண்டியதில்லை, தரையைப் பார்த்தால் போதும் என்று அவர் சொல்லிச் சிலரை வெளியே கொண்டுவந்தார். தேயிலைக்கு நிழலாக நடப்படும் சில்வர் ஓக் மரங்களின் இலைகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு சிறு துளையும் ஊசித்துளைக் கேமராவாகி, சூரியனின் உருவத்தைத் தரையில் வீழ்த்தும். துளை எவ்வடிவில் இருந்தாலும் தரையில் விழும் ஒளி, ஒளிதரும் பொருளின் வடிவையே காட்டும். மேகம் விலகிய பொழுதுகளில் தோட்டத்துப் பாதை முழுவதும் வளையல் வளையலாக ஒளி கிடந்தது. பிள்ளைகள் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போய்த் தம் அம்மாக்களை அழைத்து வந்தனர். 2021இல் கொரோனா கால இழப்பை ஈடுசெய்ய அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலை வேளைகளில் லயன் திண்ணையில் வகுப்பெடுத்தபோது, அந்தப் பிள்ளைகளே அவரிடம் வந்து உட்கார்ந்தனர்.

போட்டித் தேர்வுக்குப் படித்த நாள்களில் அவருக்கு நேர்ந்த வியப்பு ஒன்று குறிப்பிடத்தக்கது. தீட்டிய அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆய்ந்தோருள் ஒருவராகிய மக்கரிசனின் ஆய்வுக்கூடம் குன்னூரில் இருந்தது என்பதை, அந்தப் பாஸ்டர் நிறுவனத்தின் வாயிலை ஆயிரம் முறை பேருந்தில் கடந்த பிறகு, ஒரு தேர்வுக் கையேட்டின் வழியாகத்தான் அவர் அறிந்தார்.

கலந்தாய்வில், அதாவது தேர்வானவர்கள் காலிப் பணியிடங்களிலிருந்து தமக்கானதைத் தெரிவு செய்யும் நடைமுறையில், அவர் கோயம்புத்தூரை எடுத்தார். பர்லியாறு வழியே 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவு. மலைக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு நெடியது: 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரமே கோயம்புத்தூரின் பஞ்சாலைகளைப் பெருக்கியது, நீலகிரியில் பிறந்து இறங்கும் பவானியின் நீர் பில்லூர் அணையிலிருந்து இன்றும் நகரின் குழாய்களுக்கு வருகிறது. மலையிலிருந்து இறங்கும் ஆசிரியர்களைப் பற்றி இவ்வளவு தெளிவான கணக்கு எவரிடமும் இல்லை.

நகரப் பள்ளி அவரைத் திணறடித்தது. மின்விசிறியே இல்லாமல் வளர்ந்தவருக்கு முதல் கோடையே தண்டனை. வகுப்பில் பம்ப்செட் பட்டறைத் தொழிலாளரின் பிள்ளைகளும், ஆட்டோ ஓட்டுநரின் பிள்ளைகளும், கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் கலந்திருந்தனர். தமிழே இரண்டு மூன்று விதமாக ஒலித்தது, அவருடைய தமிழில் எஞ்சியிருந்த இலங்கைச் சாயலைக் கேட்டு மாணவர்கள் தமக்குள் சிரித்தனர். எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் அன்றாடம் ஏற்ற வேண்டிய விவரங்கள் பாடவேளையைத் தின்றன. இயற்பியல் பட்டதாரியான அவர், உயிரியல் பகுதிகளுக்கு முந்தைய இரவில் மாணவரைப் போலவே படிக்க வேண்டியிருந்தது. நகரப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்து வந்தவர், அவர்களும் மதில்களுக்கு வெளியே நிற்பவர்களே என்பதைச் சில வாரங்களில் கண்டுகொண்டார். பம்ப்செட்டும் கிரைண்டரும் நாடெங்கும் அனுப்பும் நகரில், எடுபடாமல் கிடந்த பாடம் மின்காந்தவியல்.

ஒன்பதாம் வகுப்பில் அப்பாடம் நடந்தபோது, தேர்வுகளில் தொடர்ந்து பின்தங்கிய மாணவன் ஒருவன், தன் தந்தை ரீவைண்டிங் செய்பவர், அதாவது எரிந்துபோன மோட்டாரின் செப்புக் கம்பிச் சுருளைப் பிரித்து மீண்டும் சுற்றுபவர் என்று சொன்னான். மறுநாள் அவன் கருகிய காயில் ஒன்றைக் கொண்டுவந்து, எத்தனை குதிரைத்திறன் மோட்டாருக்கு எந்தக் கனக் கம்பி, எத்தனை சுற்று என்று வரிசையாகச் சொல்ல, சுற்றுகளின் எண்ணிக்கையும் மின்னோட்டமும் கூடினால் காந்தப்புலம் கூடும் என்னும் பாடநூலின் வரி வகுப்புக்கு விளங்கிற்று. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் ஏன் கருகுகிறது என்று அவன் கேட்ட கேள்விக்கு அவரால் உடனே விடை சொல்ல இயலவில்லை. படித்துவிட்டு வந்து, அழுத்தம் குறைந்தாலும் சுமை குறையாததால் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாவதை விளக்கினார். மலைத்தோட்டத்தில் தமக்கு நிகழாதுபோன ஒன்று நகரத்தில் தம் மாணவனுக்கு நிகழ்ந்தது என்பதை அவர் அடக்கத்துடன்தான் சொல்கிறார்.

கொதிநீர்ச் சோதனையையும் அவர் செய்தார். கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே உள்ளதால் நீர் 98.6 டிகிரி அளவில் கொதிக்க வேண்டும். குழுக்கள் 97, 98, 99 என்று வெவ்வேறாகக் கண்டன. எது சரி என்னும் வாக்குவாதத்தில் வெப்பமானிகளின் பிழை, படிக்கும் கண்ணின் உயரம், நீரின் தூய்மை ஆகிய அனைத்தும் வெளிவந்தன. எவரும் 100 என்று எழுதக் கூடாது, கண்டதையே எழுத வேண்டும் என்பது மட்டும் கட்டளை. பின்னர் ஒரு வெப்பமானியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, லயன் வீட்டு அடுப்பில் கொதிக்கும் நீரில் அதைத் தம் தாய் பிடிக்க, பதிவு செய்த காணொளியைத் திறன்பலகையில் காட்டினார். அதில் அந்த அம்மா, 94 என்று படித்துச் சொல்லிவிட்டு, "இதனாலதான் எங்க பருப்பு வேகறதில்ல" என்று சேர்த்துக்கொண்டார். வகுப்பு சிரித்தது. ஒடிசா மாணவி ஒருத்தி, கடலோரத்தில் இருக்கும் தன் ஊரில் சரியாக 100 வருமா என்று கேட்டாள். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த அறிவியல் கேள்வி அதுவே என்று அவர் கருதுகிறார்.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் செய்துகாட்டும் அறிவியலுக்காக 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் போன்ற திட்டங்கள் நல்லவை. ஆனால் கருவிப்பெட்டி பள்ளிக்கு வருவதும், பள்ளி தன் ஊரைத் திரும்பிப் பார்ப்பதும் ஒன்றல்ல. பி.எட். மாணவர்களின் கற்பித்தல் பயிற்சியில் ஒரு பகுதியையேனும் அவர்கள் கற்பிக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் உழைக்கும் பட்டறையிலும் தோட்டத்திலும் ஆலையிலும் கழிக்கச் செய்வதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. கல்லூரிகள் மனம் வைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே முடியும். அதேபோல் நீலகிரியின் ஆய்வு நிறுவனங்களும், தேயிலைத் தொழிற்சாலைகளும், கோயம்புத்தூரின் பம்ப்செட் ஆலைகளும் தம் சுற்றுவட்டத்திலுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கென ஆண்டுக்கு ஒருநாளாவது வாயிலைத் திறந்து வைத்து, உள்ளே நடப்பதைத் தமிழில் விளக்க ஒருவரை நிறுத்த வேண்டும் என்பது அவ்வாசிரியையின் வேண்டுகோள். இதைப் படிக்கும் நிர்வாகிகள் எவரேனும் இருப்பின், அருகிலுள்ள பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதுமானது.